எட்டுக் கம்பியும் ஒரு சுண்டுவிரலும்

பிப்ரவரி 12, திங்கள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று காலை பத்து மணிவரை மேண்டலின் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஏதோ இருமல் மருந்தின் பெயர் என்று நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவள், "மேண்டலின் எல்லாம் ரிப்பேர் பண்ணுவியா?" என்று தங்கபுஷ்பம் டீச்சர் கேட்டதும், "என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க, மாசத்துக்கு நாலு வருது" என்று சொல்லிவிட்டேன். வாய் என்னுடையதுதான். ஆனால் அது என்னைக் கேட்டுப் பேசுவதில்லை.

டீச்சர் பெட்டியைத் திறந்தார். வீணை போட்ட குட்டி மாதிரி ஒன்று உள்ளே படுத்திருந்தது. எட்டுக் கம்பி.

"ஓ, இதுவா? இதுக்கு எங்க தொழில்ல வேற பேரு டீச்சர்."

"என்ன பேரு?"

"அதை வெளிய சொல்லப்படாது."

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நானோ அந்த ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள். பார்வை சரியாக வந்து பொருந்தியது.

நான் பார்ப்பது தையல் மிஷின் ரிப்பேர். கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாக இதே கடை. மிதிக்கிற மிஷினோ மோட்டார் மிஷினோ, தைக்காமல் நின்றுவிட்டால் செண்பகவல்லியிடம்தான் வரும். சின்னச் சின்னத் திருகு எல்லாம் இவள் கைக்குத்தான் அடங்கும் என்று ஊரில் யாரோ சொல்லப்போய் டீச்சரும் வந்துவிட்டார்.

கோளாறு இதுதான். கம்பிகளைத் தாங்கி நிற்கிற ஒரு கட்டை இருக்கிறது. அதற்குக் குதிரை என்று பெயராம். கீழே ஒரு கட்டை, மேலே ஒரு கட்டை, நடுவில் இரண்டு பித்தளைத் திருகு, திருகில் ஆளுக்கொரு சின்னச் சக்கரம். சக்கரத்தைத் திருப்பினால் மேல்கட்டை ஏறும், இறங்கும். இப்போது மரை தேய்ந்துபோய்விட்டது. டீச்சர் வீட்டில் ஏற்றிவைத்துவிட்டு சர்ச்சில் வாசிக்கப் போனால், பாட்டு பாதியிலேயே ஒரு பக்கம் சரிந்து, கம்பி, கழுத்துப் பலகையில் வரிசையாகப் பதித்திருக்கிற மெட்டில் உரசி, வண்டு மாதிரி இரைகிறதாம்.

"ரெண்டு காலும் தேஞ்ச குதிரை. பாவம், வயசாயிட்டுல்லா டீச்சர்?"

"குதிரைக்கா எனக்கா?"

"நான் குதிரையத்தான் சொன்னேன்."

மார்ச் இருபத்து நாலு குருத்தோலை ஞாயிறு. அதற்குள் வேண்டும். மே மாதம் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். அதன் பிறகு இது ஒன்றுதான் துணை என்று சொல்லிக்கொண்டே அதைத் தடவிக்கொடுத்தார்.

அவர் போனதும் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். கீழே விழுந்தது. எடுத்தேன். விழுந்தது. மூன்றாவது தடவையும் விழுந்தது. கையில் எண்ணெய்.

நூல் கம்பெனிக்காரன் வருஷாவருஷம் டைரி தருகிறான். எந்த மிஷின் யாருடையது என்று குறித்துவைப்பதோடு சரி. இந்த வருஷம் கூடக் கொஞ்சம் எழுதலாமென்று இருக்கிறேன். யாரிடமாவது சொல்லவேண்டியிருக்கிறது, ஒருத்தரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் மனுஷி வேறென்ன செய்வாள்?

பிப்ரவரி 13, செவ்வாய்

எண்ணெய் காரணம் இல்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விழுகிறது.

பிப்ரவரி 15, வியாழன்

மதியம் ஒரு மோட்டாருக்கு வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ கறி வாட்டுகிறார்கள் போல ஒரு வாசம். வியாழக்கிழமை யார் கறி எடுத்தது என்று தலையை வெளியே நீட்டிக்கூடப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தால், பற்றவைக்கிற கம்பியின் மேல் என் வலது சுண்டுவிரல் சாய்ந்து கிடக்கிறது. புகை வருகிறது.

வலிக்கவில்லை.

என் விரல் வேகிற வாசத்தை மூக்கு சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். நல்ல மூக்கு. அம்மா வீட்டு மூக்கு.

சாயங்காலம் விரலில் நான் சுற்றியிருந்த துணியை வெயிலுமுத்து பார்த்துவிட்டார். வெயிலுமுத்து என் வீட்டுக்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதினால் ஒன்றும் ஆகாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"என்னட்டி கைல?"

"சுட்டுக்கிட்டேன்."

"நீ ஊரையே சுடுறவ. உன்னையும் சுட ஆள் வந்துட்டா?"

நன்றாகச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அறைக்குள் போய், ஜாக்கெட் கையை ஏற்றி, வலது முழங்கைக்குக் கீழே இருக்கிற ஒரு தேமலைப் பார்த்தேன். தீபாவளிக்கு எட்டணா அளவு இருந்தது. இப்போது வடை அளவு. ஊக்கை எடுத்து அதில் குத்திப் பார்த்தேன். பிறகு பக்கத்தில் நல்ல தோலில் குத்தினேன். பக்கத்தில்தான் "ஸ்" என்றேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

பத்தமடைப் பாய் மேல் படுத்தேன், கை மரத்திருக்கும். வேலை அதிகம், கை மரத்திருக்கும். நாற்பத்தொன்பது வயது, கை மரக்கிற வயதுதான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புச் சட்டியில் மிஞ்சியதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து உருட்டி, வெயிலுமுத்து கையில் வைப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற வழக்கம். இன்றைக்குக் கரண்டியால் எடுத்து வைத்தேன்.

"என்ன, ஆஸ்பத்திரியில போடுற மாதிரிப் போடுத?"

"கையில புண்ணு இருக்குல்லா."

"அது வலது சுண்டுவிரல். மத்த ஒம்பதுக்கு என்ன கேடு?"

இவர் கணக்கில் டீச்சரே தோற்றுப்போவார். கரண்டியைக் கழுவப் போனேன். தம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டேன். ஏனென்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காத நாட்களில் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

கடைக்குப் போகிற வழியில் ஒரு நீளச் சுவர். அதில் அரசாங்கம் மஞ்சள் பூசி, கறுப்பில் பெரிதாக எழுதியிருக்கிறது: உணர்ச்சியற்ற தேமலா? அது தொழுநோயாக இருக்கலாம்!

எனக்கு வாசிக்க அவ்வளவு வராது. பஸ் போர்டையே இரண்டு தடவை பார்ப்பேன். இந்த வரியை மட்டும் ஆட்டோ வேகத்திலும் பிழையில்லாமல் வாசித்துவிடுகிறேன். முந்தின வாரத்திலிருந்து எதிர்ப்பக்கமாக நடக்கிறேன். எதிர்ப்பக்கம் சாக்கடை. பரவாயில்லை, சாக்கடை ஒன்றும் எழுதுவதில்லை.

சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், இந்த நோய்க்காரர்கள் ரயிலடியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் தம்ளரில் காசு விழும்போது போடுகிறவன் கை எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கையும் அந்த உயரத்தில்தான் இருந்தது.

நாளைக்கு ஒரு பெண் ரிப்பேருக்கு மிஷினோடு வந்து, என் விரலைப் பார்த்து, மிஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பத்துப் பேரிடம் சொல்வாள். கடை போகும். கடை போனால்கூடப் பரவாயில்லை. வெயிலுமுத்து பாயைத் தள்ளிப் போட்டால்?

போதும். மேண்டலினைப் பார்ப்போம்.

பிப்ரவரி 23, வெள்ளி

இந்த ஊரில் மேண்டலின் திருகு கிடைக்காது. மெட்ராஸுக்கு எழுதிப்போட்டால் வர ஒரு மாதம். அதனால் நானே செய்தேன். நாலு எம்.எம். பித்தளை போல்ட் இரண்டு வாங்கித் தலையை அறுத்தேன். சக்கரத்துக்குப் பழைய தையல் மிஷினில் நூலை இறுக்குகிற குமிழ் இரண்டைப் பிடுங்கினேன். ஓரமெல்லாம் வெட்டுவெட்டாக, விரலுக்குப் பிடிமானமாக இருக்கும். நடு ஓட்டையைப் பெரிதாக்கி, போல்டுக்குப் பொருந்த மரை வெட்டவேண்டும்.

மரை வெட்டுகிற எஃகு டேப்பைக் கையால் திருகும்போது, அது மாட்டிக்கொள்ளப் போகிறது என்றால் முன்கூட்டியே ஒரு சிணுங்கல் விரலுக்கு வரும். உடனே பின்னால் அரைச் சுற்று விட்டுவிடவேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் டேப் முறித்ததில்லை. அடுத்த பட்டறைக்காரர் ஆறுமுகநயினார் மாதத்துக்கு ஒன்று முறிப்பார். அவரை நான் படுத்தாத பாடில்லை. "அண்ணாச்சி, உங்க கைக்குக் கடப்பாரைதான் சரி" என்பேன்.

இன்றைக்குச் சிணுங்கல் வரவில்லை. டேப் 'டக்' என்று முறிந்தது. சத்தம் கேட்டு ஆறுமுகநயினார் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கடப்பாரை வேணுமா?"

"ஒண்ணு இருந்தா குடுங்க அண்ணாச்சி, உங்க வாயில வைக்க."

அவர் சிரித்துக்கொண்டே தன் டேப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். இடது கையால், கண்ணை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, குமிழ் ஒன்றுக்கு ஒரு மணி நேரம். பத்து நிமிஷ வேலை.

இரண்டும் வந்துவிட்டது. சக்கரம் போல்டில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. அப்படித்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 26, திங்கள்

இன்றைக்குச் செய்த முட்டாள்தனத்தை மேண்டலின்காரன் எவனும் செய்திருக்கமாட்டான். தையல் மிஷின்காரிதான் செய்வாள்.

ஒரு மிஷின் கைக்கு வந்தால் நாங்கள் முதலில் என்ன செய்வோம்? எல்லாவற்றையும் கழற்றுவோம். மண்ணெண்ணெயில் கழுவுவோம். துடைப்போம். அது கை தானாகச் செய்கிற வேலை. எட்டுக் கம்பியையும் கழற்றினேன். குதிரை கையோடு வந்துவிட்டது! அது ஒட்டியே இல்லை. கம்பி அழுத்துகிற அழுத்தத்தில்தான் நின்றிருக்கிறது. கம்பியை ஒவ்வொரு ஜோடியாக மாற்றினால் அது நின்ற இடத்திலேயே நிற்கும் என்று இப்போது புரிகிறது.

சரி, எங்கே நின்றது என்று பார்க்கலாமென்று குனிந்தேன். பலகையில் கால் இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் நாலு சின்னப் புள்ளி வைத்திருந்தார் டீச்சர். வைத்திருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், பலகையை மண்ணெண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து முடித்தபோது துணியில் நாலு கறுப்புப் புள்ளி இருந்தது.

குதிரையைக் குத்துமதிப்பாக நிறுத்திக் கம்பியைக் கட்டினேன். உயரம் சரியாக நிற்கிறது, சரியவில்லை. டீச்சர் வந்து மீட்டிப் பார்த்தார்.

"சும்மா மீட்டினா நல்லாயிருக்கு. மேல போகப்போகச் சுரம் தப்புது. குதிரைய எங்கட்டி வச்ச?"

"அது ஒரு அடி நகந்து நிக்கிறேன்னு சொல்லிச்சு டீச்சர்."

"என் புள்ளி எங்க?"

துணியைக் காட்டினேன். டீச்சர் அதை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று தெரியவில்லை. "புதன்கிழமை வீட்டுக்கு வா. நான் கேக்கிறேன், நீ நகட்டு" என்றார்.

பிப்ரவரி 28, புதன்

எழுதவேண்டாமென்று இருந்தேன். எழுதுகிறேன்.

டீச்சர் வீட்டு முன்னறை. மேண்டலின் அவர் மடியில், எதிரே முக்காலியில் நான். பன்னிரண்டாவது மெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி அடித்தது போல ஒரு சத்தம் வருகிறது. அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் வருகிற சத்தமும் அதே சுரமாக இருக்கவேண்டுமாம். ஏறி இருந்தால் குதிரையைப் பின்னால் தள்ளவேண்டும், இறங்கி இருந்தால் முன்னால்.

"ஏறி இருக்கு. ஒரு நூல் பின்னால."

தள்ளினேன்.

"அது நூல் இல்ல, கயிறு. முன்னால வா."

"உங்க காதுக்குள்ள என்ன ஸ்கேலா வச்சிருக்கீங்க?"

அரை மணி நேரத்தில் குதிரை தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. சந்தோஷமாக இருந்தது, உண்மையிலேயே. இரண்டு வாரத்தில் அந்த அரை மணி நேரம் மட்டும் நான் விரலை நினைக்கவில்லை. அடுத்து உயரம். கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுச் சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். இன்னும் கால் சுற்று என்றார். கம்பிகளின் வெட்டிய நுனிகள் வால் பக்கம் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. நான் மாட்டிய கம்பி, நான் வெட்டிய நுனி. திருகுகிற மும்முரத்தில் அதைப் பார்க்கவில்லை.

டீச்சர் மீட்டுவதை நிறுத்தினார்.

"செண்பகம்."

"இன்னும் கால் சுத்தா?"

"செண்பகம், கைய எடு."

பார்த்தேன். சுண்டுவிரலின் ஓரம் கிழிந்து, இரத்தம் பலகையில் ஓடி, குதிரையின் காலடியில் தேங்கி நின்றது. ஒரு கம்பி நுனி விரலுக்குள்ளேயே இருந்தது. அதை நான் பிடுங்கவில்லை. அது விரலுக்குள் இருக்கிறதென்று கண்ணால் பார்த்தும் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். மேண்டலினைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த இழுப்பைத்தான் நான் பதினைந்து நாளாகக் கனவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மரத்துப்போன கை டீச்சர், வேலை ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன். ஒரு செருப்பு அங்கேயே கிடக்கிறது.

மார்ச் 1, வெள்ளி

கடை திறக்கவில்லை. வெயிலுமுத்துவிடம் வயிற்றுவலி என்றேன்.

மார்ச் 2, சனி

வயிற்றுவலி.

மார்ச் 3, ஞாயிறு

அவர் இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தார். குடித்தேன். அவர் தந்த தம்ளரில்தான் குடித்தேன். கொதிக்கிற தண்ணீரில் மூன்று தடவை கழுவினேன். "வயித்து வலிக்கு இஞ்சி, தம்ளருக்கு என்ன வலி?" என்று கேட்டார்.

மார்ச் 4, திங்கள்

டீச்சர் கடைக்கு வந்தார். ஒரு கையில் என் செருப்பு. அதைத் தாளில் சுற்றிக்கூடக் கொண்டுவரவில்லை. பஜார் முழுக்க அப்படியே ஒற்றைச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். அதைக் கீழே போட்டார். காலை அதில் நுழைத்துக்கொண்டேன்.

"ஏன் ஓடிப்போன?"

"நீங்க மேண்டலினை இழுத்தீங்க."

"ஆமா இழுத்தேன். ரத்தம் ஊறுனா மரத்துல கறை போகாது. அதுக்கு என்ன, உன் கையத் துடைக்கிறதுக்கு முன்னால அதைத் துடைச்சேன். தப்புதான். நாப்பது வருஷமா அதுகூட இருக்கேன், உன்னைய எனக்கு மூணு வாரமாத்தான் தெரியும்."

இதற்கு நான் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மூக்குதான் சிரமப்படுகிறது.

"எத்தனை நாளா?"

"தீபாவளிக்கு அப்புறம்."

"தேமல் எதுவும் இருக்கா? காட்டு, பாக்கணும்."

ஜாக்கெட் கையை ஏற்றிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். விலகவில்லை. "வருஷாவருஷம் பிள்ளையளை வரிசையில நிறுத்தி, சட்டையத் தூக்கி, நர்ஸம்மா பாக்கிறவரைக்கும் பக்கத்துலயே நிக்கிறவ நான். எனக்கே சொல்லுதியா வேலை ஜாஸ்தின்னு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுவா இல்லாமயும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். நாளைக்கு எட்டு மணிக்கு நிக்கேன்" என்றார்.

"உங்களுக்குப் பள்ளிக்கூடம்?"

"லீவு போட்டேன். வயித்து வலி."

மார்ச் 5, செவ்வாய்

அதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் கடைசி அறை. டாக்டர் சின்னப் பெண். கண்ணை மூடச் சொன்னாள். பேனா முனையால் தொடுவேன், தொட்ட இடத்தை இடது கை விரலால் காட்டுங்கள் என்றாள். காட்டினேன், காட்டினேன், பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் தொடவில்லை. "என்னம்மா, டீ குடிக்கப் போயிட்டீங்களா?" என்று கேட்டுக் கண்ணைத் திறந்தால் பேனா என் சுண்டுவிரலில் நின்றுகொண்டிருந்தது.

முழங்கைக்குப் பின்னால் ஒரு நரம்பைப் பிடித்து உருட்டினாள். அது கயிறு மாதிரித் தடித்திருக்கிறதாம். அதனால்தான் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்து, பிடி தளர்ந்துவிட்டதாம்.

அந்தப் பெயரைச் சொன்னாள். ஜலதோஷம் என்று சொல்வது போலச் சொன்னாள். ஒரு வருஷம் மாத்திரை, மாதம் ஒரு அட்டை, காசு கிடையாது. முதல் மாத்திரையை அங்கேயே அவள் முன்னால் விழுங்கவேண்டும். விழுங்கிய கொஞ்ச நாளிலேயே என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது. தனித் தம்ளர், தனித் தட்டு எதுவும் வேண்டாம். சிறுநீர் சிவப்பாகப் போகும், அலறக்கூடாது.

"விரல் திரும்ப வருமா?"

"ஆறு மாசத்துக்குள்ள வந்துட்டீங்க. அதுக்கும் தனியா மாத்திரை தாறேன். வர வாய்ப்பு இருக்கு. உறுதியாச் சொல்லமாட்டேன். அதுவரைக்கும் விரல் பாக்காததைக் கண்ணு பாக்கணும்."

பிறகு, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, அவரையும் பாக்கணும்" என்றாள்.

அதுவரை நன்றாகத்தான் இருந்தேன். அந்த இடத்தில் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 6, புதன்

சொல்லவில்லை. சிவப்பாகத்தான் போகிறது. அலறவில்லை.

மார்ச் 7, வியாழன்

அவர் சாப்பிடும்போது வாயைத் திறந்தேன். "அப்பளம் வேணுமா?" என்று வந்தது.

மார்ச் 9, சனி

மதியம் ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கை கழுவியதும் மாத்திரை அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சுவரில் இருக்கிற பெயரையும் சொன்னேன். ஒரு கிண்டலும் சேர்க்காமல் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதை அவர் கேட்டதே இல்லை.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதான் கரண்டியா?"

"ம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"டீச்சருக்கு. அவுகதான் கூட்டிட்டுப் போனாக."

"எனக்கு முன்னால டீச்சருக்கு."

எழுந்தார். சட்டையை மாட்டினார். ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மணி ஒன்றே கால். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்காமல் அவர் கிளம்பி நான் பார்த்ததில்லை.

இரண்டு மணி. தட்டைக் கழுவினேன்.

இரண்டரை. கழுவிய தட்டைக் கழுவினேன்.

மூன்று மணிக்கு அவருடைய சட்டைகள் கொடியில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தேன். ஆறு. எல்லாம் இருந்தன. எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அர்த்தமா, இதெல்லாம் வேண்டாம் என்று அர்த்தமா என்று யோசித்தேன். தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பார். அவள் அழுவாள். அவள் மாமியார் கேட்பாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரியும். நான் பாயை எடுத்துச் சமையலறையில் விரித்து, அங்கே படுத்தால் எப்படி இருக்கும் என்று படுத்துப் பார்த்தேன். அடுப்புக்கடியில் இவ்வளவு கரப்பான்பூச்சி இருப்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

நாலு மணிக்கு ஆட்டோச் சத்தம்.

சமையலறை வாசலில் வந்து நின்றார். பாயைப் பார்த்தார்.

"இங்க என்ன பண்ணுத?"

"சும்மா."

"அந்தச் சுவர்ல போய்ப் பாத்தேன். நீ முதல் வரியோட நின்னுட்ட. கீழ இன்னும் மூணு வரி கிடக்கு. ஆட்டோவை நிறுத்தி இறங்கி வாசிச்சேன். முழுசாக் குணமாகும்னு போட்டிருக்கு. சிகிச்சை இலவசம்னு போட்டிருக்கு."

"மூணு வரி வாசிக்க மூணு மணி நேரமா?"

"ஒரு தடவையா வாசிச்சேன்?"

என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். கரப்பான்பூச்சி ஒன்று அவர் காலடியில் ஓடியது. அவர் பார்க்கவில்லை.

"பயமாத்தாம்ட்டி இருக்கு" என்றார். "இல்லன்னு சொல்லமாட்டேன். உனக்கு விரல் போயிருமோன்னு இருக்கு, எனக்கும் இருக்குமோன்னு இருக்கு. ரெண்டுல எது ஜாஸ்தின்னு கேக்காத."

நான் கேட்கவில்லை. என் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சுண்டுவிரலை அழுத்துகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்தேன். அழுத்திக்கொண்டுதான் இருந்தார்.

மார்ச் 11, திங்கள்

டீச்சரின் குதிரைக்கு உயரம் வைத்து முடித்தேன். கம்பி நுனிகளை முதலில் வளைத்து அமுக்கிவிட்டேன். சக்கரத்தை இடது கையால், கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருப்பினேன். ஒரு மணி நேரம் மீட்டினார். சரியவில்லை, இரையவில்லை. காலடியில் மட்டும் ஒரு பழுப்புக் கறை நின்றுவிட்டது.

"துடைச்சும் போகல" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும் டீச்சர். இனிமே குதிரை நகந்தா எங்க நின்னுச்சுன்னு தெரியும்ல."

"அதையும் நீ துடைச்சிரக் கூடாதுன்னுதான் உன் மண்ணெண்ணெய்த் துணிய நானே எடுத்துவச்சிருக்கேன்."

மார்ச் 12, செவ்வாய்

வெயிலுமுத்துவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் மூன்று சிக்னலில் ஒன்றில்கூட அவர் யாரையும் திட்டவில்லை. கடைசி அறை வாசலில் செருப்பைக் கழற்றி, அதை இரண்டு தடவை நேராக அடுக்கிவைத்தார்.

டாக்டர் முதுகு பார்த்தாள். கைகளைப் பார்த்தாள். முழங்கை நரம்பை உருட்டினாள். நான் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லி, காலில் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தாள். முழங்காலைக் காட்டினார். கணுக்காலைக் காட்டினார். பேனா உள்ளங்காலுக்கு வந்தது.

அவருக்கு உள்ளங்காலில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது. கூச்சம் தாங்காமல் வலது காலால் எட்டி உதைத்தார். கட்டிலோரம் ஸ்டூலில் நர்ஸம்மாவின் டீ இருந்தது. அது நோயாளிகள் பதிவேட்டின் மேல் கொட்டியது. பதிவேட்டில் என் பெயர் இருந்த பக்கம்தான் திறந்திருந்தது. "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் அவரிடம் சொன்னபோது நர்ஸம்மா அதை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை போட்ட டீ என்பதால் எறும்பு வந்தது.